சாக்கை முதலில் கழிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பில், எந்தக் கணினி மொழியைப் படித்தால் எத்தனை லட்சம் சம்பளம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கோத்தகிரி கடைவீதியில் டீ குடித்துக்கொண்டே படித்தேன், அப்புறம் வீட்டுக்கும் ஒரு பிரதி வாங்கி வந்தேன். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு நாலு பேராவது வந்து நிற்பார்கள் என்று தெரியும். வந்தார்கள். மூன்று பேர் கேட்டது சம்பளத்தைப் பற்றி. 12-ஆம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் மட்டும், "சார், அதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு எந்த மொழி பிடிக்கும், ஏன் பிடிக்கும்?" என்று கேட்டாள். பைத்தான் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்பதற்கு அந்த இடத்தில் ஒழுங்காகப் பதில் வரவில்லை. சுலபம், இலவசம், எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்று ஊரே சொல்வதைத்தான் நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அது என் காரணமே இல்லை. என் காரணத்தைச் சொல்ல ஒரு தேயிலைக் கணக்கைச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பதினோரு வீடுகள் சேர்ந்து பசுந்தேயிலை அனுப்புகிறோம். எல்லாருக்கும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்தான். தனியாக வண்டி வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால் இலையை ஓரிடத்தில் எடை போட்டு, வீட்டுவாரியாக எழுதி, ஒரே வண்டியில் ஏற்றுவோம். மழை நாளில் இலையில் தண்ணீர் நிற்கும், அதற்காக நூற்றுக்குப் பத்து கழிப்பது எங்களுக்குள் பேசி வைத்த வழக்கம். சாக்குக்கும் கழிவு உண்டு. இந்தக் கணக்கை முதலில் என் அப்பா நோட்டில் எழுதினார், 1999-இல் நான் கோவையில் டிப்ளமோ முடித்து வந்ததும் என் கைக்கு வந்தது.

அப்போது எனக்குத் தெரிந்தது தரவுத்தளம் வைக்க உதவும் ஃபாக்ஸ்புரோ கொஞ்சம், சி மொழி கொஞ்சம். நீலத் திரையில் டர்போ சி என்று எழுதி வரும் பாருங்கள், அதைப் பார்த்தவர்கள் இந்த வயதில் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். தெரிந்த ஒருவர் கடையில் இருந்த பழைய கணினியில், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இலைக்கணக்கு நிரலை எழுதினேன். பத்து மாதம் நன்றாக ஓடியது. டிசம்பரில் ஒருநாள், எல்லா வீட்டுக்கும் சேர்த்து வருட மொத்தம் 32,740 கிலோவில் நின்றது. அன்று 52 கிலோ இலை வந்தது, அதைப் போட்டதும் மொத்தம் −32,744 என்று காட்டியது. கழித்தல் குறியோடு! வருடம் முழுக்கப் பறித்த இலை எல்லாம் எங்களுக்கே கடனாகிவிட்ட மாதிரி. திரையைச் சுற்றி நின்றவர்கள் ஒன்றும் பேசவில்லை, அப்பா மட்டும் எழுந்து போய் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

காரணம் ரொம்பச் சாதாரணம். அந்தக் கால சி தொகுப்பியில் (நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளில்) முழு எண்ணுக்கு 16 பிட், அதாவது பதினாறு 0-1 இலக்கங்களுக்கான இடம், அதில் அடங்கும் பெரிய எண் 32,767. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் எண் சுற்றிக்கொண்டு −32,768-க்குப் போய்விடும். நீளமான எண் வகை ஒன்று அதே மொழியில் இருக்கிறது, மாறியை (எண்ணைப் போட்டு வைக்கும், பெயருள்ள இடத்தை) அறிவிக்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. ஆனால் ஒன்று பாருங்கள், கணக்கு கெட்டுப்போனது என்று அந்த நிரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பாட்டுக்கு அடுத்த வீட்டைக் கேட்டது. வெகுநாள் கழித்து ஏரியன் 5 ராக்கெட்டைப் பற்றிப் படித்தபோது, 1996 ஜூன் 4 அன்று முதல் பயணத்தில் ஏறத்தாழ 40 வினாடியில் அது சிதறியதற்கும் 16 பிட் இடத்தில் அடங்காத ஓர் எண்தான் காரணம் என்று தெரிந்தது. அதை எழுதியது சி-யில்கூட இல்லை, பாதுகாப்புக்குப் பெயர்போன ஏடா என்ற மொழியில். அந்த மாறிக்குச் சரிபார்ப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். ஆக, எந்த மொழியும் நம்மைத் தானாகக் காப்பாற்றாது, அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த மாதிரி வேலி கிடையாது. நினைவகம் உள்ளவரை எண் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகலாம். இது தெரிந்தபோது மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று, −32,744-ஐப் பார்த்தவனுக்குத்தான் புரியும். ஆனால் இதுவும் என் காரணம் இல்லை. காரணம் இதற்குப் பிறகு வருகிறது.

நடுவில் பல வருடம் கணக்கைக் கணினியில் கட்டம் கட்டமாக வரும் விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) வைத்திருந்தேன். விரிதாளைக் குறை சொல்ல மாட்டேன், நம் மலையில் பாதிக் கடைகளின் கணக்கு அதில்தான் நடக்கிறது. அதில் ஒரே சிக்கல், சூத்திரம் கட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும், வெளியே எண் மட்டும் தெரியும். பதினோராவது வீட்டை ஒருமுறை கீழே புதிதாகச் சேர்த்தோம், கூட்டல் சூத்திரம் பத்தாவது வீட்டோடு நின்றிருந்தது, இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டு அக்காதான் கடைசியில் தன் ரசீதுகளைக் கையில் கொண்டுவந்து, "என் இலை எங்கடா போச்சு?" என்று கேட்டார்.

2014-இல் பைத்தான் பக்கம் வந்தேன். அப்போது எனக்கு அது இன்னொரு மொழி, அவ்வளவுதான். ஒருநாள், சும்மா முயற்சி செய்து பார்ப்போமே என்று மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தேன். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இலிருந்து அது முடியும். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும்கூட முடியும், பைத்தானுக்கு மட்டும் உள்ள பெருமை என்று சொல்ல மாட்டேன். நான் எழுதியது இது:

ஈரக்கழிவு = மொத்த_எடை * 10 / 100
நிகர_எடை = மொத்த_எடை - ஈரக்கழிவு - சாக்கு_எடை

அன்று சாயங்காலம் என் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்தாவது வரை படித்தவர், கணினியைத் தொட்டதில்லை, ஆனால் எங்கள் ஊரில் இலைத் தராசைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. என் தோளுக்குப் பின்னால் நின்று டீயை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இது நம்ம இலைக்கணக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். அப்புறம், "டேய், சாக்கை முதல்ல கழிக்கணும்டா. சாக்கு என்ன இலையா, அதுக்கும் ஈரம் கழிக்கிறதுக்கு?" என்றார்.

ஐயா, அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டை 53 கிலோ, சாக்கு 1 கிலோ. என் வழியில் 53-க்குப் பத்து விழுக்காடு 5.3, அதையும் சாக்கையும் கழித்தால் 46.7. பெரியப்பா வழியில் முதலில் சாக்கைக் கழித்து 52, அதற்குப் பத்து விழுக்காடு 5.2, மீதி 46.8. ஒரு மூட்டைக்கு 100 கிராம் வித்தியாசம். கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 ரூபாய். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த 100 கிராம் மூட்டைக்கு மூட்டை போகிறது, மூட்டை பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. நிறைய இலையை ஒரே சாக்கில் அமுக்கிக் கட்டும் இளவட்டங்களுக்கு நஷ்டம் குறைவு, தூக்க முடிந்த அளவுக்குச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டிவரும் வயதான பெண்களுக்குத்தான் அதிகம். கழிந்ததை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வண்டி வாடகைக்கான பொதுக் கணக்கில்தான் சேர்ந்தது. இருந்தாலும் அது அவர்கள் பறித்த இலை.

இன்னொன்று சொன்னால்தான் இது முழுசாகும். இதே வரிசையில்தான் 1999-இல் சி-யிலும் எழுதியிருந்தேன், விரிதாளிலும் எழுதியிருந்தேன். பதினைந்து வருடம். பெரியப்பா அப்போதெல்லாம் என் பின்னால் நின்று பார்க்காதவரா என்ன, எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். சுருக்கெழுத்து மாதிரி ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வளைந்த அடைப்புக்குறிகளுமாக இருந்ததில் அவர் படிக்க ஒன்றும் இல்லை. அவருடைய கணக்கு அவர் கண் முன்னால் இருந்தும் அவருக்குத் தெரியாமல் இருந்தது. பைத்தானை எனக்குப் பிடித்தது அந்தச் சாயங்காலத்தில்தான். கணக்கு யாருடையதோ அவரே எட்டிப் பார்த்துப் படித்து, தப்பு என்று சொல்ல முடிந்த மொழி எனக்கு அதுவரை கிடைத்திருக்கவில்லை.

சி-யிலும் நல்ல பெயராக வைத்துத் தெளிவாக எழுதியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். எழுதலாம்தான், ஒழுங்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு மொழி எதை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பது அதன் உடம்பில் தெரியும். பைத்தானைச் செய்த கீடோ வான் ராசம், 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் அதை எழுதத் தொடங்கினார், 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு வந்தது. அதற்கு முன்பு அவர் வேலை செய்தது ஏபிசி என்ற மொழியில், நிரலர் அல்லாதவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று உருவாக்கிய மொழி அது. வரிகளை உள்ளே தள்ளி எழுதியே எது எதற்குள் அடங்கும் என்று காட்டும் பழக்கம் பைத்தானுக்கு அங்கிருந்து வந்ததுதான். நிரலை எழுதுவது ஒரு தடவை, படிப்பது பல தடவை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம், பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியும் அதைத் தொடக்கத்திலேயே சொல்கிறது. (பிள்ளைகள் முதல் நாளே மலைப்பாம்பைப் பற்றிக் கேட்பார்கள். பெயர் பாம்பிலிருந்து வரவில்லை, பிபிசியின் ஒரு நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தது.)

உள்ளே தள்ளி எழுதுவதைப் பலர் திட்டுவார்கள். ஓர் இடைவெளி கூடிப்போனால் நிரல் நின்றுவிடுகிறதே என்று. எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் படிமட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், இந்தப் படியில் உள்ளது இந்தப் படிக்குச் சொந்தம், ஒரு படி இறங்கினால் வேறு பாத்தி என்று சொன்னால் அடுத்த நிமிடம் சரியாக எழுதுகிறார்கள். வளைந்த அடைப்புக்குறி எங்கே மூடவில்லை என்று தேடிச் சாகும் வேலை மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. பிடித்த மொழி என்பதற்காக அதன் குறையை மறைத்தால் பிள்ளைகளுக்குத் துரோகம். ஒரு மழை வாரத்தில் ஒரு வீட்டுக்கு 46.5 கிலோ, இன்னொரு வீட்டுக்கு 47.5 கிலோ வந்தது. முழுக் கிலோவாக்கச் சொன்னேன். முதல் வீட்டுக்கு 46 என்றும் இரண்டாவது வீட்டுக்கு 48 என்றும் போட்டது! ஒருத்தருக்கு அரை கிலோ குறைந்தது, இன்னொருத்தருக்கு அரை கிலோ கூடியது, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு, கேட்க வேண்டுமா? சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது பைத்தான் 3-இன் வழக்கம். நிறைய எண்களைக் கூட்டும்போது எல்லாப் பாதியையும் மேலேயே ஏற்றினால் மொத்தம் வீங்கும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், காரணம் நியாயமானதுதான், ஆனால் நம் ஊர்த் தராசுக்கு அந்த நியாயம் செல்லாது. அதேபோல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிற மாதிரி, பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவில்லாமல்தான் எழுத முடியும், எங்கோ ஓரிடத்தில் வெட்டுகிறார்கள், அந்த வெட்டுதான் கடைசியில் எட்டிப் பார்க்கிறது. இது பைத்தானுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை, பெரும்பாலான மொழிகளில் உண்டு. இதற்குப் பிறகு நான் எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாகவே வைத்துக்கொள்கிறேன், கடைசியில் ரசீது போடும்போது மட்டும் மாற்றுகிறேன். பழைய டர்போ சி-யில் கிராமில் வைத்திருந்தால் 53,000 கிராம் உள்ள ஒரு மூட்டையே அதன் முழு எண்ணுக்குள் அடங்கியிருக்காது.

தமிழ் விஷயத்திலும் குறை உண்டு. 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. நமக்கு 3. அது 'மி'-யை ம என்றும் இகரக் கொக்கி என்றும் இரண்டாகவும், 'ழ்'-ஐ ழ என்றும் புள்ளி என்றும் இரண்டாகவும் எண்ணுகிறது, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அப்படித்தான் குறியேற்றியிருக்கிறார்கள். பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னாலும் இதே கதை. நம் வரிசையில் ல, வ, ழ, ள. யூனிகோடில் ல, ள, ழ, வ. அதனால் கோவைக்கு முன்னால் கோழி வந்து நிற்கும். இதற்கெல்லாம் தீர்வாகத் தன்னார்வலர்கள் சேர்ந்து ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பைப் பைத்தானுக்காகச் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், அதில் கேட்டால் 3 என்று சரியாகச் சொல்லும். எனக்கு இது பெரிய விஷயம். குறை இருப்பது தெரிந்ததும் நம்மவர்களே உட்கார்ந்து சரி செய்கிற அளவுக்கு அந்த மொழியின் கதவு திறந்திருக்கிறது. அந்தக் குழுவில் உள்ள முத்து அண்ணாமலை 'எழில்' என்று முழுக்கத் தமிழிலேயே ஒரு நிரல்மொழியையும் செய்திருக்கிறார், அதைப் பைத்தானில்தான் எழுதியிருக்கிறார், அதில் திரையில் எழுதச் சொல்ல 'பதிப்பி' என்று சொன்னால் போதும். ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்கு நான் அதில்தான் தொடங்குகிறேன். தட்டச்சில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறிப் போவது மட்டும் தொல்லை, தமிழ்99 விசைப்பலகை கைக்குப் பழகும்வரை பொறுமை வேண்டும்.

எல்லா வேலைக்கும் இதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பில் ஒரு பையனின் மாமாவுக்குத் தலைக்குந்தா பக்கம் கேரட் தோட்டம். டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி எப்படி விழும் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி வெப்பநிலை 2 டிகிரிக்கு இறங்கினால் மணி அடிக்க வேண்டும் என்று அவன் ஒரு கருவி செய்தான், ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில். அதில் தரவுக்கான நினைவகமே 2 கிலோபைட், பைத்தான் உள்ளே நுழையவே முடியாது, சி-யிலிருந்து வளர்ந்த சி++ வகையில்தான் எழுதியாக வேண்டும். அழகாகவே எழுதினான். ஆனால் கருவி அரை நிமிடம் ஒழுங்காக வேலை செய்யும், அப்புறம் நேரக் கணக்கு தலைகீழாகப் போய்விடும். இரண்டு ஞாயிறு தேடினோம். நேரத்தை ஆயிரத்தில் ஒரு வினாடி அளவில் எண்ணி, சாதாரண முழு எண்ணில் வைத்திருந்தான். அந்தப் பலகையில் முழு எண்ணுக்கு 16 பிட். 32.767 வினாடியில் அவன் கடிகாரம் கழித்தலுக்குப் போயிருக்கிறது. 32,767 என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு அப்பாவின் நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. நீளமான எண் வகைக்கு மாற்றினான், சரியாகிவிட்டது. அவனுக்குப் பிடித்த மொழி சி++. இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அதில்தான் தெரிகிறது என்கிறான், அவன் சொல்வதும் சரிதான், நாம் பொதுவாகப் பயன்படுத்தும் பைத்தானே உள்ளுக்குள் சி-யில் எழுதப்பட்டதுதானே. வேகத்திலும் சி பக்கத்தில் பைத்தான் நிற்க முடியாது. பதினோரு வீட்டு இலைக்கு அந்த வேகம் தேவைப்படவில்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். அதில் சொன்ன சம்பளங்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள், சம்பளத்தைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு வருத்தம் தந்தது வேறு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு, அதன் கையில் என்ன வேலை இருக்கிறது, எதைக் கணக்குப் போட ஆசைப்படுகிறது என்று ஒரு வரிகூட அந்தக் கட்டுரை கேட்கவில்லை. ஃபாக்ஸ்புரோ தெரிந்தால் போதும், வாழ்நாளுக்கும் சோறு என்று நான் படித்த காலத்தில் சொன்னார்கள். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் நரியா என்று கேட்கிறார்கள். பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்கும், பிள்ளை எதை வைத்துப் பழகியதோ அந்தப் பழக்கம் நிற்கும்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு 11-இல் சி++, 12-இல் பைத்தான். 2019-இல் புதிய 12-ஆம் வகுப்புப் புத்தகம் வந்தபோதுதான் பைத்தான் உள்ளே வந்தது, அதற்கு முன் ஸ்டார் ஆஃபீஸும் சி++-உம் இருந்தன. தமிழ்வழிப் புத்தகம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, மாறி, மடக்கு, செயற்கூறு என்று நல்ல சொற்கள், இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் செய்முறையில் எழுதுவது பெரும்பாலும் பகா எண், காரணியம், பெயரைத் திருப்பி எழுது. தேர்வுக்கு அது வேண்டும்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரே ஒரு நிரல், பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்களை வைத்து எழுதலாமே? எங்கள் பக்கம் இலைக்கணக்கு, கூடலூர் பக்கம் மிளகும் காப்பியும், கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலைப்பூண்டு. ஆசிரியர்கள் இதை வாசித்தால் இது என் வேண்டுகோள். எழுதி முடித்ததும் அந்த நிரலை வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க அனுமதியுங்கள், தேர்வில் வேண்டாம், இந்த ஒரு நிரலில் மட்டுமாவது. பைத்தானில் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தாக வேண்டிய சிறப்புச் சொற்கள் 35-தான், மீதிப் பெயர்கள் எல்லாம் நம் கையில்.

இனிமேல் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தந்துவிடும், நாம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு செயலியில் இலைக்கணக்கு கேட்டுப் பார்த்தேன். நொடியில் எழுதித் தந்தது, அழகான பைத்தான். சாக்கை எப்போது கழிப்பது என்று நான் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை, ஈரத்தை முதலில் கழித்து வைத்திருந்தது. என் பழைய வரிசை! அதைப் படித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், சாக்கைத் தூக்கிப் பழகிய ஆள் ஒருவர் வேண்டும், இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. எழுதுவது சுலபமாகிவிட்ட காலத்தில், படிக்க எளிதான மொழி எனக்கு முன்னைவிட முக்கியமாகப் படுகிறது.

பெரியப்பா இப்போது இல்லை. அவர் திருத்திய மூன்று வரி இன்றும் அப்படியே ஓடுகிறது:

இலை_எடை = மொத்த_எடை - சாக்கு_எடை
ஈரக்கழிவு = இலை_எடை * 10 / 100
நிகர_எடை = இலை_எடை - ஈரக்கழிவு

இதைத் தாளில் அச்சடித்துத் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டாவது வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, வெயில் நாளிலும் பத்து ஏன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெயில் நாளைக்கு நாலாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு இதை எல்லாம் அடுத்த சனிக்கிழமை சொன்னேன். அவள் தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது தினமும் மழை அளவு எழுதி வைத்த நோட்டுகள் அவள் வீட்டில் ஓர் அடுக்கு இருக்கின்றனவாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது தங்கள் ஊரில் எவ்வளவு பெய்தது என்று அதில் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றாள். பழைய பக்கங்களில் அங்குலமும் சென்ட்டும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு), பின்னால் மில்லிமீட்டர், சில வருடங்களில் இரண்டும் கலந்து கிடக்கிறதாம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டாள். சரி, எந்த மொழியில் எழுதப் போகிறாய் என்று கேட்டேன். முதலில் நோட்டைப் படித்து முடிக்கிறேன் சார் என்றாள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.